ஜெபசிங் சொல்வதாவது

ஜூன் 11

கோர்ட்டில் இன்று ஒரு வக்கீல் என்னைக் காட்டி, "இந்த அம்மாவுக்கு என்ன தகுதி?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் கூடுதல் எரிச்சல்.

திரேசம்மாள் என் தம்பி ஜெபசிங்கோடு காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். சாலையைக் கடக்கும்போது மினி பஸ் இடித்துக் கால் முறிந்தது. நஷ்டஈட்டு வழக்கில் இன்று அவளுடைய சாட்சி. அவள் சைகையில் சொல்வதை நான் வாயால் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் பேச முடியாத யாருக்காவது எங்காவது பேச வேண்டியிருந்தால் ஜவுளிக்கடையில் பில் போடும் என்னைத் தேடித்தான் வருவார்கள். போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை, பிரசவ வார்டு எல்லாவற்றுக்கும் பர்மிஷன் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஊரில் எனக்கு அதில் ஒரு பெயர் உண்டு.

என் தகுதியைச் சொன்னேன். பிறவியிலேயே காது கேட்காத தம்பி, அவன் பிறந்ததிலிருந்து அவனோடு பேசிக்கொண்டிருக்கும் அக்கா. நீதிபதி புன்னகையோடு கேட்டுக்கொண்டார்.

"அம்மா, நீங்க உதவி பண்ணத்தான் வந்திருக்கீங்க. நாளைக்கு மேல்கோர்ட்ல இவங்க யாருன்னு கேட்டா, தம்பிக்கு அக்கான்னு நான் எழுத முடியுமா?"

சான்றிதழ் பெற்ற ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் திரேசம்மாள் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அடுத்த மாதம் என்று காட்டினேன். பிறகு அவள் நீளமாக வேறு ஏதோ கேட்டாள். பாதி புரிந்தது. தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

ஜூன் 12

கோபம் இன்னும் போகவில்லை. ஒரே சுடிதாருக்கு இரண்டு தடவை பில் போட்டுவிட்டேன்.

ஜூன் 20

கோயம்புத்தூரில் ஒரு மையம் இருக்கிறதாம். சைகை மொழிபெயர்ப்புக்கு ஒரு வருடப் படிப்பு. பிளஸ் டூ போதும். நான் பி.காம். அந்த பி.காம். என்னை பில் மேசை வரைக்கும் கொண்டுவந்து விட்டது. பதினாலு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசை பேச்சியம்மாள் பத்தாவது. எங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம், ஒரே மின்விசிறி. அதுவும் அவள் பக்கம்தான் அதிகம் திரும்பும்.

அம்மாவிடம் சொன்னேன். கையில் இருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டாள். முப்பத்தாறு வயதில் படிக்கப் போகிறவளைப் பெற்றதற்காக அவள் வருந்தவில்லை. கல்யாணம் ஆகாததற்கான வருத்தத்தையே அவள் இன்னும் முடிக்கவில்லை. இது வேறு கவலை.

"நீ போயிட்டா அவனுக்கு யாருட்டி பேசுவா?"

ஜெபாவிடம் விஷயத்தைக் காட்டினேன். அவன் பாளையங்கோட்டையில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் பிரிவில் இருக்கிறான். நோட்டீஸ் மடிப்பது, புத்தகம் தைப்பது. நான் இல்லாமல் ஒரு வருடம் என்றால் கலங்குவான் என்று நினைத்து, ஆறுதலாகச் சொல்ல நாலு விஷயம் தயாராக வைத்திருந்தேன். அவன் உடனே "போ" என்று காட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

இவ்வளவு சீக்கிரம் சம்மதித்திருக்க வேண்டாம்.

ஜூலை 6

கடையில் கடைசி நாள். படித்துவிட்டு வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மேனேஜர் கேட்டார். தெரியாது என்றேன். திரும்பி வந்தால் நாற்காலி காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். நான் பையைத் தூக்குவதற்குள் பேச்சியம்மாள் நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 9

கோயம்புத்தூர். ஹாஸ்டல் தண்ணீர் ஐஸ். குளிக்கும்போது சத்தம் போடாதவர்களே கிடையாது.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். ஒருத்திக்கும் ஒரு சைகை தெரியாது. நான் ஏதோ மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆசிரியை மிருதுளாவுக்குக் காது கேட்காது. என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஜீன்ஸ், குட்டை முடி, நேரான பார்வை. எல்லோரும் கையால் தங்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்றாள். மற்றவர்கள் திணறினார்கள். நான் என் பெயர், ஊர், தம்பி, கோர்ட், வக்கீல் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லி முடித்தேன். வகுப்பு வாயைப் பிளந்து பார்த்தது. மிருதுளா பலகையில் எழுதினாள்: "கால்வாசி புரிந்தது."

ஜூலை 10

சனிக்கிழமைக்கு என்ன சைகை என்று மிருதுளா கேட்டாள். தலையில் எண்ணெய் தேய்த்துக் காட்டினேன். ஞாயிறுக்கு ஜெபம் பண்ணுவதுபோலக் கைகளைக் கோத்தேன். கோவிலுக்குப் போகிற நாள் அல்லவா. பக்கத்தில் இருந்த நஸ்ரின் கேட்டாள்: "அக்கா, அப்ப எங்க வீட்ல ஞாயித்துக்கிழமையே வராதா?"

எங்கள் வீட்டு வாரம் எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும் என்று தெரிந்தது.

மிருதுளா என்னைத் தனியாக நிறுத்தி, தம்பி பள்ளிக்கூடம் போனானா என்று எழுதிக் கேட்டாள். போனான், ஐந்து வயதிலிருந்து ஹாஸ்டலில் இருந்து படித்தான் என்றேன். அப்படியானால் அவனுக்கு இந்த மொழி தெரிந்திருக்குமே, உன்னிடம் ஏன் அதில் பேசுவதில்லை என்றாள். எங்களுக்குள் அது தேவைப்படவில்லை என்று காட்டினேன். அவள் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

ஜூலை 28

முதல் தேர்வு. வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் எனக்கு. புதிதாகக் கற்பதைவிடப் பழையதை மறப்பது கஷ்டமாம், மிருதுளா சொல்கிறாள். நஸ்ரின் ஆறுதலாக ஒரு கடலை மிட்டாய் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். என்ன செய்ய.

ஆகஸ்ட் 17

ஜெபாவோடு வீடியோவில் பேசினேன். இன்று வழக்கமான "சாப்பிட்டாயா, தூங்கினாயா" இல்லாமல், வகுப்பில் படித்த முறைப்படி, இந்த வாரம் வேலை எப்படிப் போனது என்று கேட்டேன்.

அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. திரையில் அசைவில்லாமல் போனதால் நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஆரம்பித்தான். என்ன வேகம். மெதுவாக, மெதுவாக என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தான். பிரஸ் முதலாளி பொன்னையா அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே பிரஸ் முழுவதும் தேடியதை நடித்துக் காட்டினான். அண்ணாச்சியின் தொந்தி, நடை, கீழ் உதட்டைக் கடிப்பது எல்லாம் அப்படியே வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இவனுக்கு இப்படி நடிக்க வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, கைய இப்படி ஆட்டுதான்? யாரு மேலயும் கோவமா?" இல்லைம்மா, பேசுகிறான் என்றேன்.

ஆகஸ்ட் 18

இத்தனை வருடமாக அவன் என்னிடம் எண்ணெய் தேய்க்கிற பாஷையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். குழந்தையிடம் நாம் "பாச்சி, மம்மு" என்று பேசுவோமே, அந்த மாதிரி.

இதில் குழந்தை யார் என்று யோசித்துக்கொண்டே இட்லி தின்றேன். ஆறிப்போயிருந்தது.

செப்டம்பர் 5

திரேசம்மாள் வழக்குக்குச் சென்னையிலிருந்து ஆள் வந்து சாட்சி முடிந்துவிட்டதாம். ஜெபா சொன்னான். நல்லது.

இப்போது விதிகள் படிக்கிறோம். மொழிபெயர்ப்பவர் சொந்தமாக எதையும் சேர்க்கக் கூடாது, விடக் கூடாது, பூசி மெழுகக் கூடாது. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். வீட்டு ஆட்களுக்குக் கூடியவரை மொழிபெயர்க்கவே கூடாது.

செய்முறையில் மிருதுளா நோயாளியாக நடித்து டாக்டரைத் திட்டினாள். நான் வாயால் சொல்ல வேண்டும். காது கேட்கிற இன்னொரு ஆசிரியர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதிக் காட்டுவார். "அவங்க கொஞ்சம் வருத்தப்படுதாங்க டாக்டர்" என்றேன். எழுதியதைப் படித்ததும் மிருதுளா எழுந்துவிட்டாள்.

என் கோபத்தை வருத்தமாக மாற்ற உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டாள். சண்டை வரக் கூடாதே என்றுதான் செய்தேன் என்றேன். சண்டை வேண்டுமா வேண்டாமா என்று நான்தானே முடிவு பண்ண வேண்டும் என்றாள்.

பூஜ்யம். விருந்தாளி முன்னால் வீட்டுச் சண்டையை மறைக்கிற மாதிரி ஒரு பழக்கம் எனக்கு. இதற்குப் போய் மதிப்பெண் குறைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அக்டோபர் 2

விடுமுறை. ஜெபாவோடு வீடியோவில் நிறைய நேரம் பேசினேன். இப்போது முக்கால்வாசி புரிகிறது.

பைண்டிங்கில் இருப்பது சலித்துவிட்டது, அச்சு மெஷினில் நிற்க வேண்டும் என்று ஆசை என்றான். அதை அண்ணாச்சியிடம் கேட்டால் என்ன என்றேன். கேட்டேனே, மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளிக்கு, நீயும் கூட இருந்தாயே என்றான்.

யோசித்துப் பார்த்தேன். இருந்தேன். வேலை எப்படிப் போகிறது என்று அண்ணாச்சி கேட்டார். ஜெபா மெஷினைக் காட்டினான், தன்னைக் காட்டினான், கையைச் சுழற்றினான். நான் அண்ணாச்சியிடம், "மெஷின் நல்லா ஓடுதாம்" என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். புது மெஷின் அது. ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.

ஸ்வீட் வாங்கினாயே, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்காகத்தான் ஸ்வீட் கொடுத்தார் என்று நினைத்தானாம். ஒரு மாதம் காத்திருந்தானாம். பிறகு, தான்தான் சரியாகக் காட்டவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டானாம்.

ஹாஸ்டலில் இன்று தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய்.

அக்டோபர் 3

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

டிசம்பர் 24

வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா அச்சுமுறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த ஜெபாவோடு வீடு வரைக்கும் பேசிக்கொண்டே நடந்தேன். பேச இரண்டு கையும் வேண்டுமே, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டோம்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் தன்னோடு பிரஸ்ஸுக்கு வர வேண்டும் என்றான். வீட்டு ஆட்களுக்கு நான் மொழிபெயர்க்கக் கூடாது, விதி இருக்கிறது என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். பாளையங்கோட்டை முழுவதையும் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன். யாரும் இல்லை.

ஒரு நிபந்தனை போட்டேன். நீ சொல்வதை அப்படியே சொல்வேன், அதனால் யோசித்துச் சொல் என்றேன். பதினோரு வருடமாக யோசித்தாகிவிட்டது என்றான்.

டிசம்பர் 28

பிரஸ்ஸுக்குப் போனோம். அண்ணாச்சி நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, கோயம்புத்தூர் குளிரைப் பற்றி விசாரித்தார். ஜெபாவை நிற்கவைத்துவிட்டுத்தான் இதெல்லாம். முன்பும் இப்படித்தான் நடந்திருக்கும். அப்போது என் கண்ணில் படவில்லை.

நான் எழுந்து ஜெபாவுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். அண்ணாச்சிக்குக் குழப்பம். நான் எங்கே நின்றாலும் என் முகத்தையே தேடினார்.

ஜெபா ஆரம்பித்தான். நான் சொன்னேன்.

"அண்ணாச்சி, எனக்கு மெஷின்ல வேலை வேணும். பைண்டிங் போதும்."

"நீ எதுக்கும்மா மெஷின்ல நிக்கணும்?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லை, ஜெபசிங் பேசுகிறான், அவன் சொல்வதைத்தான் சொல்கிறேன், அவனைப் பார்த்துப் பேசுங்கள் என்று விளக்கினேன். சரி சரி என்று அவன் பக்கம் திரும்பி, உரக்கக் கத்தினார்: "மெஷினுக்கு ஐ.டி.ஐ. படிச்சிருக்கணும்லா!"

கத்த வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அது என் வேலை இல்லை. ஐ.டி.ஐ. என்று மட்டும் காட்டினேன்.

மெஷினில் நிற்கிற முத்துக்குட்டி என்ன படித்திருக்கிறான் என்று ஜெபா கேட்டான். முத்துக்குட்டி அண்ணாச்சியின் மைத்துனர் மகன். எட்டாவது ஃபெயில் என்று ஊருக்கே தெரியும். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இருந்தாலும் சொன்னேன். அண்ணாச்சி கீழ் உதட்டைக் கடித்தார்.

"எம்மா, அவனுக்குக் காது கேக்காது. மெஷின் சத்தம் மாறினா எப்படித் தெரியும்? கைய விட்டுட்டான்னா நான் என்ன பண்ணுவேன்? நீ படிச்ச பிள்ள, நீயே சொல்லு."

இதையும் காட்டினேன். சத்தம் மாறுவதற்கு முன்னால் தரை மாறும், காலில் தெரியும் என்றான் ஜெபா. அடுத்து அவன் கையால் சொன்னதைப் பார்த்ததும், தெரியாத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினோரு வருசமா இங்க பேப்பர் மடிக்கேன். எனக்கு என்ன வேணும்னு நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கல. எங்க அக்காட்டதான் கேட்டிய. அவளுக்கும் தெரியாது."

கடைசி வார்த்தையையும் சொன்னேன். விடவில்லை.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு நாள் வைத்துச் சோறு போட்டதற்கு நல்ல மரியாதை என்றார். மெஷின் கிடையாது, பைண்டிங் வேண்டுமானால் இருக்கலாம், இல்லாவிட்டால் அவன் இஷ்டம் என்றார். ஜெபா கைகூப்பினான். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டீ அப்படியே இருந்தது.

தெருவுக்கு வந்தோம். அவன் பசிக்கிறது என்றான். ஜங்ஷனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டோம்.

டிசம்பர் 29

அம்மா: "நீ படிச்சிட்டு வந்தது எம்பிள்ள வேலைய ஒழிக்கிறதுக்கா?"

பிறகு பேசவில்லை. கேக் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 15

கோயம்புத்தூர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மா போனை எடுப்பதில்லை. ஜெபா வீட்டில் இருக்கிறான். இரண்டு பிரஸ்ஸில் கேட்டானாம். ஒன்றில் ஐ.டி.ஐ. கேட்டார்கள், இன்னொன்றில் அண்ணாச்சியிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லமாட்டார்கள்.

மிருதுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் வழக்கம்போல் கொஞ்சம் பூசிச் சொல்லியிருந்தால் அவன் வேலை இருந்திருக்கும் என்றேன். ஆமாம், இருந்திருக்கும் என்றாள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அந்த வழக்கம் அவளிடம் கிடையாது.

விதியை மீறி வீட்டு ஆளுக்குப் பேசியதற்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். மூன்று பக்கம் எழுதினேன்.

ஜனவரி 30

ஜெபாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சிவகாசியில் லேபிள் அடிக்கிற பிரஸ். அவனோடு படித்த நண்பன் அங்கே இருக்கிறான். மெஷினுக்கு ஹெல்ப்பர். பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான். ஆனால் மெஷின். காது கேட்காதே என்று ஃபோர்மேனிடம் எழுதிக் காட்டினானாம். அவர் சிரித்துக்கொண்டே பதில் எழுதினாராம்: "இந்தச் சத்தத்தில் இங்கே எல்லோரும் செவிடுதான்."

அவனே போய், அவனே எழுதிக் காட்டி, அவனே வாங்கிய வேலை. சேர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னான். சந்தோஷம். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 12

அம்மா போனை எடுத்தாள். "அவன் சட்டையெல்லாம் மசியா இருக்காம். யாரு துவைப்பா" என்றாள். சமாதானம்.

ஏப்ரல் 10

தேர்ச்சி. கையிலிருந்து வாய்க்கு நல்ல மதிப்பெண். வாயிலிருந்து கைக்குப் பரவாயில்லை. சான்றிதழில் என் பெயரை "ஹெப்சிபாய்" என்று போட்டிருந்தார்கள். திருத்த ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஹெப்சிபா என்ற பெயர் இவர்களுக்கு ஏன் போதவில்லை என்று தெரியவில்லை.

விடைபெறும்போது மிருதுளா கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு விலகி, இன்னும் நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாய், அதை விடு என்றாள்.

ஏப்ரல் 26

வேலை தேடும் படலம். ஒரு பள்ளியில் சிறப்பு பி.எட். இருக்கிறதா என்றார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தில் ஐந்து வருட அனுபவம் கேட்டார்கள். பதினைந்து வருடமாக ஊரெல்லாம் பேசியிருக்கிறேனே என்றேன். அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். சான்றிதழ் இல்லாதபோது அனுபவம் இருந்தது, அனுபவம் கேட்கிற இடத்தில் சான்றிதழ் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே மேசையில் வைக்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஜவுளிக்கடை மேனேஜர் சீசனுக்கு மட்டும் வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன். என் நாற்காலி இப்போது பேச்சியம்மாளின் தங்கை மகளுடையது.

மே 9

நெல்லையில் ஒரு கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கு பி.காம். தொடங்குகிறார்களாம். வகுப்பில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். சைகை மொழிச் சான்றிதழ் கட்டாயம். வணிகவியல் தெரிந்திருந்தால் நல்லது என்று கீழே ஒரு வரி.

கடையில் நின்றுகொண்டே அந்த வரியை நாலு தடவை படித்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண் பில் கேட்டுக் கத்தினாள்.

மே 16

நேர்முகம். நாலு பேர் வந்திருந்தோம். துறைத்தலைவர் சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அவ்வளவுதான் அதற்கு வேலை. பிறகு கதவைத் திறந்து சேரப்போகிற மூன்று மாணவர்களைக் கூப்பிட்டார். இவர்கள்தான் தேர்வு பண்ணுவார்கள் என்றார்.

அவர்களில் ஒரு பெண் தேய்மானம் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். மெஷின் வாங்கிய நாளிலிருந்து மதிப்புக் குறைந்துகொண்டே போவதைக் கையால் காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரு பையன் படபடவென்று ஏதோ சொன்னான். மதுரைப் பக்கத்துச் சைகைகள். பாதிதான் புரிந்தது. மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். தலை தானாக ஆடப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டு, புரியவில்லை, திரும்பச் சொல் என்று காட்டினேன். திரும்பச் சொன்னான். அப்போதும் புரியவில்லை. மறுபடியும் கேட்டேன்.

போயிற்று என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேன்டீனில் வடை நன்றாக இருந்தது.

மே 19

எனக்குத்தான். பத்து மாத ஒப்பந்தம், பிறகு பார்ப்பார்களாம். சம்பளம் கடையைவிடக் கொஞ்சம் குறைவு. வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தேய்மானம் கேட்ட பெண் கல்லூரி வாசலில் பார்த்து ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னாள். வந்த நாலு பேரில் அந்தப் பையன் சொன்னது யாருக்கும் புரியவில்லையாம். புரியவில்லை என்று சொன்னது நான் மட்டும்தானாம்.

மே 25

ஞாயிறு. ஜெபா சிவகாசியிலிருந்து வந்திருக்கிறான். நகக்கண்ணெல்லாம் நீல மசி. நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான், அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. மதியம் சாளை மீன் குழம்பு.

சாப்பிட உட்கார்ந்தபோது நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு, "ரெண்டு பேரும் என்னதான் பேசுதிய? எனக்கும் சொன்னா என்ன?" என்றாள். ஜெபா என்னைப் பார்த்து, அம்மா ஏதோ கேட்கிறாள், என்னவென்று கேள் என்று காட்டினான்.

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இருவருக்கும் நடுவில் இல்லாமல் ஓரமாக நகர்ந்துகொண்டேன். "நீ அவன்கிட்ட கேளும்மா, நான் சொல்லுதேன்" என்றேன்.

அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முதலில் மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று என்னிடம்தான் கேட்டாள். ஒத்துக்கொள்கிறது என்றான். குளிக்கத் தண்ணீர் வருகிறதா என்றாள். வருகிறது என்றான். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பிரஸ்ஸுல இருந்தப்ப காலம்பற காலம்பற வயித்தப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பானே. இப்பமும் வலிக்காமா?"

காட்டினேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து பதில் சொன்னான். நான் வாயால் சொன்னேன்.

"இப்ப வலிக்கல. அது வயித்து வலி இல்லம்மா. வேலைக்குப் போகப் பிடிக்கல. அதை உனக்கு எப்படிக் காட்டன்னு எனக்குத் தெரியல. நீ ஓமத்தண்ணி குடுத்த. குடிச்சேன்."

'எனக்கு' என்று என் வாயிலிருந்து வந்தும் அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். அவன் முகத்தை அவ்வளவு நேரம் அவள் பார்த்து நான் கண்டதில்லை.

"பதினோரு வருசமா?"

"பதினோரு வருசமா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேறு என்னவெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். ஜெபா யோசித்தான். குழம்புச் சட்டியைப் பார்த்தான். என்ன வரப் போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"உன் மீன் குழம்புல புளி ரொம்பக் கூடிப் போவுது. சின்ன வயசுலயே சொல்லணும்னு நினைச்சேன்."

அம்மா படீரென்று என் பக்கம் திரும்பினாள். "எட்டி, நீயாச் சேத்துச் சொல்லுதியா?" நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை என்றேன். மறுபடி அவன் பக்கம் திரும்பி, சாளைக்குப் புளி தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், சிவகாசிக்காரனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்தாள். அவன் மெஸ்ஸில் வைக்கிற குழம்பை விவரித்தான். அவள் அதை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினாள். தேங்காய் அரைத்து ஊற்றுவதா வேண்டாமா என்பதில் இருவரும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

எனக்கு நல்ல பசி. ஆனால் கையும் வாயும் வேலையாக இருந்தன. அவர்கள் சண்டை முடிந்து நான் தட்டை இழுத்தபோது சோறு காய்ந்துவிட்டது. புளி கொஞ்சம் கூடுதல்தான். அதை நான் சொல்லவில்லை.